ஜெர்மன் மொழியில் கரண்டி ஏன் ஆண்பால்?

கேள்வி: ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளில் உயிரில்லாத பொருளுக்குக்கூட ஆண்பால், பெண்பால் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஏன் இல்லை? இதை எப்படி மனத்தில் வைத்துக்கொள்வது?

ஜெர்மன் படிக்கத் தொடங்கிய முதல் வாரத்தில் என்னைத் திணறடித்தது சாப்பாட்டு மேசைதான். கரண்டி ஆண்பால், டெர் லொஃபல். முள்கரண்டி பெண்பால், டி காபெல். கத்தி இரண்டிலும் சேராத மூன்றாம் பால், டஸ் மெஸ்ஸர். பெயருக்கு முன்னே நிற்கும் டெர், டி, டஸ் என்ற சுட்டுகள்தான் பாலைக் காட்டுகின்றன. கரண்டியில் ஆண் தன்மை எங்கே இருக்கிறது என்று பல நாள் காரணம் தேடினேன். பொருளில் தேடியதுதான் தவறு.

தமிழில் பால் என்பது பொருளைப் பார்த்து வருவது. மக்கள் என்றால் உயர்திணை, மற்றவை அஃறிணை. அதன் பிறகுதான் ஆணா, பெண்ணா என்ற பேச்சு. ஜெர்மனிலோ பால் சொல்லோடு ஒட்டியது. பாலைக் குறிக்கும் 'ஜெண்டர்' என்ற ஆங்கிலச் சொல்லே 'கெனுஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. கெனுஸ் என்றால் வகை. சூரியன் ஜெர்மனில் பெண்பால், சந்திரன் ஆண்பால். ரைன் ஆற்றைத் தாண்டிப் பிரான்சுக்குள் போனால் இரண்டும் தலைகீழ்! சிறுமியைக் குறிக்கும் 'மேட்ஷென்' மூன்றாம் பால் என்றதும் பலருக்குக் கோபம் வருகிறது. 'ஷென்' என்ற சிறுமை விகுதி ஏறிய சொல் எதுவானாலும் மூன்றாம் பாலுக்குப் போய்விடும், அதுதான் காரணம். நாமும் 'குழந்தை சிரித்தது' என்கிறோம். அன்பு குறைந்தா சொல்கிறோம்?

ஆங்கிலத்தில் இல்லை என்பது இன்றைய நிலை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் மூன்று பாலும் இருந்தன. கல்லைக் குறித்த 'ஸ்டான்' ஆண்பால். சூரியனைக் குறித்த 'சுன்னெ' பெண்பால். பெண்ணைக் குறித்த 'வீஃப்' மூன்றாம் பால். அதனோடு 'மன்' என்ற ஆண்பால் சொல் சேர்ந்து 'வீஃப்மன்' ஆனபோது முழுச் சொல்லும் ஆண்பாலாகிவிட்டது, ஏனென்றால் கூட்டுச்சொல்லுக்குக் கடைசிப் பகுதியின் பால்தான். இன்றைய 'உமன்' அதன் வழி வந்தது. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த சான்று இது.

பால் எது என்று காட்டியவை சொல்லீறுகளும் முன்னே நின்ற சுட்டும். பேச்சில் ஈறுகள் தேய்ந்தன. ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகள் குடியேறிய வட இங்கிலாந்தில் இது முந்தி நடந்தது. 'சே', 'சேயோ', 'தட்' என மூன்றாக இருந்த சுட்டு 'த' என ஒன்றானது. அடையாளம் போனதும் பாலும் போயிற்று. 'ஹீ', 'ஷீ', 'இட்' மட்டும் தங்கின. கப்பலை 'ஷீ' என்பது அந்தக் காலத்து மிச்சம் என்று நினைக்க வேண்டாம். பழைய ஆங்கிலத்தில் கப்பல் மூன்றாம் பால். 'ஷீ' பிறகு வந்த வழக்கம். கப்பல் துறை இதழான லாயிட்ஸ் லிஸ்ட் 2002இல் அதைக் கைவிட்டு 'இட்' என்று எழுதத் தொடங்கியது.

இத்தனை தொல்லைக்கும் பயன் உண்டு. 'விளக்கு மேசைமேல் விழுந்தது. அது உடைந்துவிட்டது' என்றால் உடைந்தது எது? தமிழிலும் ஆங்கிலத்திலும் மறுபடி கேட்க வேண்டும். ஜெர்மனில் விளக்கு பெண்பால், மேசை ஆண்பால். 'ஸீ' என்று தொடங்கினால் விளக்கு, 'எர்' என்றால் மேசை. இது புரிந்த நாளிலிருந்து எனக்கு அந்த மொழிமேல் இருந்த எரிச்சல் தணிந்தது.

மனத்தில் வைக்க, சொல்லைத் தனியாக எழுதாதீர்கள். மேசைக்கு 'டிஷ்' என்றல்ல, 'டெர் டிஷ்' என்று சேர்த்தே நோட்டில் எழுதி, வாய்விட்டுச் சொல்லுங்கள். 'உங்', 'ஹைட்', 'ஷாஃப்ட்' விகுதிகள் வந்தால் தயங்காமல் பெண்பால் என்று எழுதலாம். மற்றவை பழக்கத்தில்தான் வரும். 'ஸே' என்று மட்டும் படித்தவருக்கு அது ஏரியா, கடலா என்று தெரியாது. டெர் ஸே ஏரி. டி ஸே கடல்.