ட்யூப் லைட்டை அணைத்துவிட்டுப் பாருங்கள்: ஹால் அலங்காரக் கேள்வி-பதில்

கேள்வி: புது ஃபிளாட். தரை முழுக்க வெள்ளை டைல்ஸ், சுவரும் வெள்ளை. ராத்திரி லைட் போட்டால் ஆஸ்பத்திரி வராண்டா மாதிரி இருக்கிறது. சோபாவை மாற்றுவதா, சுவருக்கு வேறு கலர் அடிப்பதா? (அம்பத்தூர்)

பதில்: இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். முதலில் விளக்கை மாற்றுங்கள். செலவும் அதற்குத்தான் குறைவு. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் கணக்கில் சொல்வார்கள்; எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். நம் வீடுகளில் மாட்டுகிற எல்இடி ட்யூப் பெரும்பாலும் 6500 கெல்வின், அதாவது நீலம் ஓடிய வெள்ளை. அட்டைப்பெட்டியில் ‘கூல் டேலைட்’ என்று போட்டிருக்கும். பழைய குண்டு பல்பின் வெளிச்சம் ஏறக்குறைய 2700 கெல்வின். ஹாலுக்கு 2700 முதல் 3000 வரை பொருந்தும். கடையில் ‘வார்ம் ஒயிட்’ என்று கேட்டால் கொடுப்பார்கள்.

நிறம் மாறினால் மட்டும் போதாது, வெளிச்சம் வரும் உயரமும் இறங்க வேண்டும். சுவர் உச்சியில் ஒரே ட்யூப் எரிந்தால் மூலைமுடுக்கெல்லாம் ஒரே அளவு வெளிச்சம் விழுந்து அறை சப்பென்று ஆகிவிடும். 12க்கு 15 அடி ஹாலென்றால் மூன்று இடங்களில் பிரித்துக் கொடுங்கள்: சோபா பக்கத்தில் 9 வாட் பல்புடன் ஒரு ஸ்டாண்டு விளக்கு, எதிர் மூலையில் ஸ்டூல் மேல் 5 அல்லது 7 வாட்டில் ஒரு டேபிள் விளக்கு, டிவிக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி ஒரு ஸ்ட்ரிப் லைட். ஸ்டாண்டு விளக்குக் கூண்டின் கீழ் விளிம்பு, உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்துக்கு வர வேண்டும். தரையிலிருந்து 40 முதல் 42 அங்குலம். அதற்கு மேலே போனால் பல்பு நேராகக் கண்ணைக் குத்தும். பளபளக்கும் டைல்ஸில் பல்பின் பிம்பம் கண்ணாடியில் விழுவதுபோல் விழும் என்பதால், கூண்டு இல்லாத வெற்றுப் பல்பை இந்த வீட்டுக்கு வாங்கவே வேண்டாம்.

ட்யூபைக் கழற்றிவிடாதீர்கள். பிள்ளைகள் ஹோம்வொர்க் எழுத, அரிசியில் கல் பொறுக்க அது வேண்டும். ஆனால் இரண்டையும் ஒன்றாகப் போடாதீர்கள். 6500 எரியும்போது பக்கத்தில் 3000 எரிந்தால் மஞ்சள் வெளிச்சம் அழுக்குப் பிடித்ததுபோல் தெரியும். வெளிச்சத்தைக் குறைக்க ஃபேன் ரெகுலேட்டரிலேயே இணைத்துத் தருகிறேன் என்று எலக்ட்ரீஷியன் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சாதாரண எல்இடி அதில் துடிக்கும், இரையும், சீக்கிரமே போய்விடும். ‘டிம்மபிள்’ என்று அச்சிட்ட பல்பும், எல்இடிக்கு ஏற்ற டிம்மரும் வேண்டும்.

கேள்வி: ஃபால்ஸ் சீலிங்கில் ஸ்ட்ரிப் லைட் ஓட்டினோம். புள்ளி புள்ளியாகத் தெரிகிறது, கடைசிப் பக்கம் மங்கல். ஃபேன் போட்டால் அறையே மினுக்குகிறது. (மதுரை)

பதில்: மூன்றும் வேறு வேறு கோளாறு. மீட்டருக்கு 60 எல்இடி உள்ள ஸ்ட்ரிப் புள்ளியாகத்தான் தெரியும். 120 அல்லது அதற்கு மேல் உள்ளதை வாங்கி, பால் நிற மூடி போட்ட அலுமினிய சேனலுக்குள் ஒட்டுங்கள். 12 வோல்ட் ஸ்ட்ரிப்பை 5 மீட்டருக்கு மேல் ஒரே ஓட்டமாக இழுத்தால் முனையில் வோல்டேஜ் இறங்கும். இரண்டு முனையிலும் மின்சாரம் கொடுங்கள், அல்லது 24 வோல்ட்டுக்கு மாறுங்கள். அடாப்டர் கணக்கு: மீட்டருக்கு 10 வாட் என்றால் 5 மீட்டருக்கு 50, அதற்கு 60 வாட் அடாப்டர் போட்டால்தான் சூடாகாது.

மினுக்குவது ஃபேன் இறக்கையின் நிழல். 48 அங்குல ஃபேனின் இறக்கை நடுவிலிருந்து 24 அங்குலம் நீளும். சீலிங்கில் பதித்த குழி விளக்குகள் அந்த வட்டத்துக்கு மேலேயோ ஒட்டியோ இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் வெளிச்சத்தை வெட்டும். ஃபேன் நடுவிலிருந்து மூன்றரை, நான்கு அடி தள்ளி விளக்கை மாற்றுவதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை.

கேள்வி: 5 அடி ஜன்னலுக்கு ரெடிமேட் கர்ட்டன் இரண்டு வாங்கிப் போட்டேன். துண்டைக் காயப்போட்ட மாதிரி இருக்கிறது. (திருச்சி)

பதில்: துணி போதவில்லை, ராடும் ஜன்னல் சட்டத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கும். ராடை ஜன்னலுக்கு மேலே 6 முதல் 8 அங்குலம் ஏற்றுங்கள். இரு பக்கமும் 8 அங்குலம் நீட்டுங்கள். அப்போது ராட் நீளம் 76 அங்குலம். மடிப்பு விழ அதைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு துணி வேண்டும், அதாவது 152 அங்குலம். ரெடிமேட் கர்ட்டன் ஒன்று சுமார் 48 அங்குல அகலம் இருக்கும். மூன்று வாங்கினாலும் எட்டாது, பக்கத்துக்கு இரண்டாக நான்கு வேண்டும்.

உயரம், ஜன்னலோடு நிற்காமல் தரைக்கு அரை அங்குலம் மேலே வரை இறங்கட்டும். அறை உயரமாகத் தெரியும். 9 அடி கர்ட்டன் வாங்கி, ஒருமுறை நனைத்துக் காயவைத்த பிறகே தையற்காரரிடம் கொடுத்து மடித்துத் தையுங்கள். பருத்தி நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு சுருங்கும். 108 அங்குலத்தில் அது நான்கு அங்குலத்தைத் தொட்டுவிடும். நனைக்காமல் அளவெடுத்துத் தைத்தால் முதல் சலவைக்குப் பின் கர்ட்டன் கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்கும்.

வெல்வெட் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். திருச்சி வெயிலுக்கு அது பார்த்தாலே புழுங்கும். நமக்கு வேண்டியது இதம், வெப்பம் அல்ல. கனத்த கைத்தறிப் பருத்தி போதும். மேற்கு ஜன்னலுக்கு மட்டும் பின்னால் லைனிங் கொடுங்கள்.

கேள்வி: தரைக்குக் கார்ப்பெட்டா, ஜமக்காளமா, பாயா? (ஈரோடு)

பதில்: ஈரோட்டில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா? பவானி ஜமக்காளத்துக்கு 2005-06லேயே புவிசார் குறியீடு கிடைத்தாயிற்று. புசுபுசு கார்ப்பெட் தூசியைப் பிடித்து வைக்கும். தும்மல், ஆஸ்துமா உள்ள வீட்டுக்கு ஆகாது. ஜமக்காளத்தை உதறி, மாடியில் வெயில் காட்டினால் போதும்.

அளவில்தான் பலரும் தவறுகிறார்கள். நடுவில் 3க்கு 5 அடித் துண்டு போட்டால் தரை இன்னும் காலியாகத் தெரியும். மூன்று பேர் சோபாவுக்கு 5க்கு 8 அடியாவது வேண்டும். சோபாவின் முன்கால் இரண்டும் ஒரு சாண் அளவுக்கு அதன் மேல் ஏறி நிற்கட்டும். டைல்ஸில் வழுக்கும், அடியில் ரப்பர் வலை விரிப்பு கட்டாயம், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இரட்டைக் கட்டாயம். அடர் சிவப்பு, அடர் பச்சை ஜமக்காளங்களில் ஒரு மூலையை ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் முதல் சில அலசல் தனியாகத்தான். பத்தமடைக் கோரைப் பாயும் அழகுதான், ஆனால் ஈரம் பட்டு மடித்து வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும். அதைச் சுவரோரத் திண்டு மெத்தைக்குக் கீழே விரியுங்கள், நடமாடும் வழியில் வேண்டாம்.

கேள்வி: நான்கு வருடத்திலேயே சோபா தோல் உரிகிறது. (சென்னை, பெசன்ட் நகர்)

பதில்: அது தோல் இல்லை, துணி மேல் பூசிய பாலியூரிதேன். கடற்கரைக் காற்றின் ஈரம் அந்தப் பூச்சைச் சிதைக்கிறது. எண்ணெய், க்ரீம் எதுவும் காப்பாற்றாது. மரச்சட்டமும் ஸ்பிரிங்கும் நன்றாக இருந்தால், ஜிப் வைத்துக் கழற்றும்படி கனமான பருத்தித் துணியில் உறை தைத்துக்கொள்ளுங்கள். செங்கல் நிறம், கடுகு மஞ்சள், காபிப்பொடி நிறம் போன்றவை மஞ்சள் வெளிச்சத்தில் நன்றாக எடுக்கும்.

கேள்வி: வாடகை வீடு, ஆணி அடிக்கக் கூடாது என்கிறார் ஓனர். தாத்தா பாட்டி படங்கள் பெட்டியிலேயே கிடக்கின்றன. (கோவை)

பதில்: ஒட்டும் கொக்கிகளை நம்ப வேண்டாம். கொக்கி விழாது, ஆனால் கழற்றும்போது பெயின்ட்டும் அடியில் உள்ள பட்டிப் பூச்சும் சேர்ந்து சில்லு சில்லாகக் கையோடு வந்துவிடும். டிஸ்டெம்பர் சுவரில் அது ஒட்டவே ஒட்டாது. ஒரு பெஞ்சையோ தாழ்வான அலமாரியையோ சுவரோரம் போட்டு, படங்களைச் சாய்த்து நிறுத்துங்கள். பெரியது பின்னால், சிறியது முன்னால், ஒன்றையொன்று கொஞ்சம் மறைத்தபடி. பக்கத்தில் ஒரு டேபிள் விளக்கு, ஒரு பித்தளைச் செம்பு. வாசல் நிலைக்கு மேலே, முன்பக்கம் சாய்த்து, சிவப்பு ஜீரோ வாட் பல்புடன் தொங்கும் படத்தை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. இங்கே தாத்தாவின் மூக்குக்கண்ணாடி வரை தெரியும்.

சொந்த வீட்டுக்காரர்களுக்கு: படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 57, 58 அங்குலத்தில் வரட்டும். சோபாவுக்கு மேலே என்றால் சாய்மானத்திலிருந்து 6 முதல் 8 அங்குல இடைவெளி.

கேள்வி: ஒரு சுவருக்கு மட்டும் செம்மண் நிறம் அடிக்க ஆசை. அதே சுவரில் கீழே ஓதம் அடிக்கிறது. வால்பேப்பர் ஒட்டி மறைக்கலாமா? (கும்பகோணம்)

பதில்: மறைத்தால் ஒரு மழைக்காலம் தாங்கும், பிறகு கரும்புள்ளியோடு உரியும். சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் தண்ணீர் உள்ளே இருந்து வருகிறது. குளியலறைக் குழாயா, வெளிச்சுவர் விரிசலா, அடித்தளத்திலிருந்து ஏறும் ஈரமா என்று முதலில் கண்டுபிடியுங்கள். அடைத்த பிறகு பொரிந்த பூச்சைக் கொத்தி எடுத்து, சுவர் நன்றாகக் காய்ந்த பின்பே பட்டி, பிரைமர், பெயின்ட். ஈரத்தின் மேல் பட்டி பார்த்தால் அப்பளமாக எழும்பும்.

நிறத்தை அட்டையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சிறிய டப்பா வாங்கி 2க்கு 2 அடி சுவரில் அடித்து, காலை, மதியம், இரவு மூன்று வேளையும் பாருங்கள். கடையின் ட்யூப் வெளிச்சத்தில் செம்மண்ணாக இருந்தது வீட்டு மஞ்சள் வெளிச்சத்தில் ஆரஞ்சாகிவிடும். ஒரு சிட்டிகை பழுப்பு கூடிய நிறமாகத் தேர்ந்தெடுப்பது நல்லது.

கேள்வி: எங்களுக்கு நிஜமாகவே குளிர். ஹாலைக் கதகதப்பாக்க வழி? (கோத்தகிரி)

பதில்: மேலே சொன்ன வெல்வெட் உங்களுக்குத்தான். லைனிங் கொடுத்த கனமான கர்ட்டன் தரையைத் தொடட்டும். பொழுது சாய்வதற்கு முன்பே இழுத்துவிடுங்கள். தரைக்குக் கம்பளி விரிப்பு, அடியில் தடித்த ஃபெல்ட். சோபாவை வெளிச்சுவரிலிருந்து நான்கு அங்குலமாவது தள்ளிப் போடாவிட்டால் பின்னால் பூஞ்சை படரும். 2000 வாட் ஹீட்டரை 16 ஆம்பியர் பாயின்ட்டில் மட்டும் செருகுங்கள், எக்ஸ்டென்ஷன் பெட்டியில் கூடாது. துணியிலிருந்து மூன்றடி தள்ளி இருக்கட்டும். ஜன்னலை மூடிவிட்டுக் கரி அடுப்பை உள்ளே வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

கேள்வி: ஃபேன் கொக்கி ஒன்று சும்மா இருக்கிறது. அதில் ஊஞ்சல் மாட்டலாமா? (காரைக்குடி)

பதில்: கூடவே கூடாது. அது ஃபேன் எடைக்கு வைத்தது. மூன்று பேர் உட்கார்ந்தால் 200 கிலோ, ஆடும்போது இழுவை அதற்கும் மேலே. கட்டட இன்ஜினீயரை வரவழைத்து, பீமில் ஆங்கர் போட்டுத்தான் தொங்கவிட வேண்டும். பலகை தரையிலிருந்து 18 அங்குலம், முன்னும் பின்னும் மூன்றடி காலியிடம். கிறீச் சத்தத்துக்குக் கொக்கி வளையத்தில் மாதம் ஒருமுறை கொஞ்சம் கிரீஸ்.

கேள்வி: ஹாலில் பாட்டிலில் மணி பிளான்ட் வைக்கலாமா? (வேலூர்)

பதில்: வைக்கலாம். வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றி, பாட்டிலின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு கொசு முட்டையை அந்தச் சுவரில்தான் ஒட்டி வைக்கும்.