இடுப்பு மூட்டு மாற்றி 3 வாரத்தில் காலைத் தூக்கிக்கொண்டால்

வணக்கம். 4 வயது லாப்ரடார் நாய், அறுவை முடிந்து 3 வாரம், நேற்றுவரை நன்றாக ஊன்றிய கால், டைல்ஸில் வழுக்கியதிலிருந்து தரையிலேயே படவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இதைச் சுளுக்கு என்று விட்டுவிடாதீர்கள். செயற்கை மூட்டின் கிண்ணத்திலிருந்து (இடுப்புப் பக்கக் குழி) பந்து (தொடை எலும்பின் தலை) நழுவியிருக்கலாம். இல்லையென்றால் அந்தப் பந்தைத் தாங்கும் தண்டை இறக்கிய தொடை எலும்பில் விரிசல் விட்டிருக்கலாம். புது மூட்டைச் சுற்றியுள்ள தசையும் உறையும் இறுகச் சில வாரங்கள் ஆகும். அதுவரை பின்னங்கால் ஒருமுறை அகன்று வழுக்கினாலே ஆபத்துதான்.

இன்றே எக்ஸ்ரே எடுங்கள், முடிந்தால் அறுவை செய்த மருத்துவரிடமே. படத்துக்கும் பந்தைத் திரும்ப அமர்த்தவும் மயக்க மருந்து தேவைப்படலாம். அவர்களைக் கேட்காமல் சாப்பாடு வைக்காதீர்கள். நாள் போகப்போகத் தசை சுருங்கி, மறுபடி அறுத்துத் திறக்காமல் பந்தை அமர்த்தும் வாய்ப்பு குறைந்துவிடும். காலை இழுத்துப் பார்ப்பது, எண்ணெய் போட்டு நீவுவது எதுவும் வேண்டாம். மனிதர்களுக்கான இபுப்ரூஃபன் கொடுக்கவே கூடாது. அது தனியாகவே நாய்க்குக் குடல் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் வரவைக்கலாம்; ஏற்கெனவே கார்ப்ரோஃபென், மெலாக்சிகாம் போன்ற வலி மருந்து ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

எழுப்பும்போது அகலமான துண்டை அடிவயிற்றுக்குக் கீழே, தொடைகளுக்கு முன்னால் கொடுத்துப் பின்பாகத்தைத் தாங்குங்கள். ரப்பர் பாய் விரியுங்கள். பாதத்தின் அடிப்பக்கத்தைப் பாருங்கள்: விரல் மெத்தைகளுக்கு இடையே முடி நீண்டிருந்தால் கத்தரித்துவிடுங்கள், டைல்ஸில் அதுவும் பிடிப்பைக் கெடுக்கும்.