தண்ணீருக்கு வயது உண்டா? வாசகர் கேள்விகளும் ஒரு நீர் ஆய்வக வேதியியலாளரின் பதில்களும்

‘டைனோசர் குடித்த அதே தண்ணீரைத்தான் நாமும் குடிக்கிறோம்’ என்று மகளின் அறிவியல் ஆசிரியர் சொன்னாராம். உண்மைதானா?

அணுக்களைப் பற்றிச் சொன்னால் உண்மை. தண்ணீரைப் பற்றிச் சொன்னால் அவ்வளவு சரியில்லை. ஒரு மூலக்கூறில் ஓர் ஆக்சிஜனும் இரண்டு ஹைட்ரஜனும் இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த ஹைட்ரஜன்கள் காலம் முழுக்க அதே ஆக்சிஜனோடு குடித்தனம் நடத்துவதில்லை. பக்கத்து மூலக்கூறுகளுக்கு ஓயாமல் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. சாதாரணத் தண்ணீரில் ஒரு ஹைட்ரஜன் ஒரே இடத்தில் தங்குவது ஏறக்குறைய ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். டம்ளரை எடுத்து வாய்க்குக் கொண்டுபோவதற்குள் உள்ளே இருப்பதெல்லாம் பலமுறை கலைந்து சேர்ந்துவிடும். டைனோசர் காலத்து மூலக்கூறு என்று ஒன்றைக்கூடக் காட்ட முடியாது.

இதைவிடப் பெரிய தவறு, பூமியில் தண்ணீர் புதிதாக உண்டாவதே இல்லை என்று நினைப்பது. செடிகள் ஒளிச்சேர்க்கையில் தண்ணீரை உடைக்கின்றன. நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜன் அப்படி உடைந்த தண்ணீரிலிருந்து வருவதுதான், கார்பன் டைஆக்சைடிலிருந்து அல்ல. மறுபக்கம், விறகும் பெட்ரோலும் கேஸும் எரியும்போது தண்ணீர் பிறக்கிறது. நாளைக் காலையில் சில்லென்ற தண்ணீர் நிறைந்த பாத்திரத்தைக் கேஸ் அடுப்பில் வைத்து, முதல் அரை நிமிடம் குனிந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். முத்து முத்தாக நீர் அரும்பும். சில சமயம் ஒரு சொட்டு பர்னரில் விழுந்து ‘சுர்’ரென்னும். பாத்திரம் ஓட்டையோ என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. ஓட்டை இல்லை, கேஸில் இருந்த ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து அப்போதுதான் தண்ணீராகியிருக்கிறது. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது சுமார் 22 லிட்டர் தண்ணீர் ஆவியாகச் சமையலறைக்குள் போயிருக்கும். நம் உடம்பும் சாப்பாட்டை எரித்து நாளொன்றுக்குக் கால் லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் தயாரிக்கிறது. உங்கள் நெற்றி வியர்வையில் ஒரு பங்கு காலையில் தின்ற இட்லியிலிருந்து வந்தது என்று மகளிடம் சொல்லுங்கள். டைனோசரைவிட அது சுவாரசியம்.

அப்படியென்றால் ‘இந்த நிலத்தடி நீர் பத்தாயிரம் ஆண்டு பழையது’ என்று செய்தி வருகிறதே, அது கட்டுக்கதையா?

இல்லை. அங்கே கேட்கப்படும் கேள்வியே வேறு. அந்த மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, வெளிக்காற்றோடு தொடர்பு அறுந்து எவ்வளவு காலமாயிற்று என்பதைத்தான் நீரின் வயது என்கிறோம். மூலக்கூறின் வயது அதில் வராது.

அளக்கும் முறை எளிமையானது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் மழைநீரில் டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் ஏகத்துக்கும் கூடியது. 1963 வாக்கில் அது உச்சம். அதன் அரைவாழ்வு, அதாவது சிதைந்து பாதியாகக் குறைய ஆகும் காலம், 12.3 ஆண்டு. கிணற்று நீரில் டிரிட்டியம் இருந்தால் அண்மைக் காலத்து மழை அதில் சேருகிறது என்று அர்த்தம். அறவே இல்லையென்றால் பழைய நீர். அதற்கும் முந்தியதற்கு, நீரில் கரைந்துள்ள கார்பனேட்டில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனைப் பார்ப்போம். இன்னும் பழையதற்கு, மிக மெதுவாகச் சிதையும் கிரிப்டான்-81 என்ற வாயு. எகிப்தின் மேற்குப் பாலைவனத்தின் அடியில் இருக்கும் நீர் இரண்டு லட்சத்திலிருந்து பத்து லட்சம் ஆண்டு வரை பழையது என்று கண்டது அப்படித்தான். கனடாவின் கிட் கிரீக் சுரங்கத்தில் 2 கிலோமீட்டருக்கும் கீழே பாறை வெடிப்பிலிருந்து கசிந்த நீருக்கு 100 கோடி ஆண்டுக்கும் மேல் வயது. ஒரேயடியாக உப்புக் கரிக்கும்.

இது வெறும் அதிசயத் தகவல் இல்லை. உங்கள் ஊர் ஆழ்துளைக் கிணற்றில் வருவது பல ஆயிரம் ஆண்டு பழைய நீர் என்றால், இந்த ஐப்பசி மழை அதை நிரப்பப் போவதில்லை. எடுத்தது எடுத்ததுதான். 800, 1,000 அடி என்று ஆழம் கூட்டிக்கொண்டே போகிறவர்களிடம் இதைச் சொன்னால் ‘தண்ணி வருது சார், அப்புறம் என்ன?’ என்பார்கள்.

தண்ணீர் பாட்டிலில் ‘பெஸ்ட் பிஃபோர்’ தேதி எதற்கு? தண்ணீர் கெட்டுப்போகுமா?

தண்ணீர் கெடாது. தேதி பாட்டிலுக்கு. வெயிலிலும் சூடான காரிலும் கிடந்தால் பிளாஸ்டிக்கிலிருந்து சில பொருட்கள் சிறிது சிறிதாக நீரில் இறங்கும், வாடையும் மாறும். தேதியைவிட, அது எங்கே கிடந்தது என்று பாருங்கள்.

வீட்டுக்கு வந்த ஆர்.ஓ. விற்பனையாளர் எங்கள் குழாய் நீரில் கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சினார். நீர் பழுப்பாகிச் சேறுபோல் திரண்டது. அவருடைய நீர் தெளிவாகவே இருந்தது. இவ்வளவு அழுக்கையா குடித்தோம்?

இல்லை. நீங்கள் பார்த்தது அவருடைய கம்பி.

அந்தக் கருவியில் இருப்பது பெரும்பாலும் இரும்பும் அலுமினியமும். குழாய் நீரில் கால்சியம், சோடியம், பைகார்பனேட் என்று உப்புகள் கரைந்திருப்பதால் அதில் மின்சாரம் பாயும். பாயும்போது இரும்பு கரைந்து, இரும்பு ஹைட்ராக்சைடாகி, துருநிறத்தில் திரளும். ஆர்.ஓ. நீரில் உப்பு மிகக் குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது, கம்பியும் கரையாது. அவ்வளவுதான் வித்தை. அடுத்த முறை வந்தால் அவருடைய தெளிந்த நீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும். பலர் அத்தோடு கருவியை மூட்டை கட்டிவிடுவார்கள்.

பேனா போன்ற டிடிஎஸ் மீட்டரும் கிட்டத்தட்ட இதே சங்கதி. அது மின்கடத்துத் திறனை அளந்து, உப்பின் அளவை ஒரு மதிப்பீடாகக் காட்டுகிறது. சர்க்கரையைக் கரைத்தால் எண் நகராது. பூச்சிக்கொல்லியும் வாந்திபேதிக் கிருமியும் அதற்குத் தெரியாது. 40 என்று காட்டும் நீரில் கிருமி இருக்கலாம், 450 என்று காட்டும் நீர் குடிக்க நல்லதாகவே இருக்கலாம். இந்தியத் தரநிர்ணயப்படி (ஐ.எஸ். 10500) லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரமே இல்லையென்றால் 2,000 வரை அனுமதி. குடும்பத்தோடு குடிக்கும் நீரைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் மீட்டருக்குச் செலவழிப்பதைவிட ஆய்வகத்தில் ஒரு முறை பரிசோதித்துவிடுங்கள். கிருமிப் பரிசோதனையையும் சேர்த்துக் கேளுங்கள்.

தருமபுரி பக்கம் இருக்கிறோம். போர் தண்ணீரைக் காய்ச்சி வடிகட்டித்தான் குடிக்கிறோம். போதாதா?

கிருமிக்குப் போதும். ஃபுளூரைடுக்குப் போதாது, சொல்லப்போனால் பாதகம். கொதிக்கும்போது ஆவியாவது தண்ணீர் மட்டுமே, ஃபுளூரைடு பாத்திரத்திலேயே தங்கும். 2 லிட்டரைச் சுண்டவிட்டு ஒன்றரை லிட்டராக்கினால் அதன் செறிவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். நைட்ரேட்டும் அப்படியே. பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்து ‘கெட்டதெல்லாம் ஒட்டிக்கொண்டது’ என்று நினைக்க வேண்டாம். அது முக்கியமாகக் கால்சியம் கார்பனேட், உடம்புக்குத் தீங்கில்லாதது.

ஃபுளூரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, 1.5 உச்ச வரம்பு. தாண்டினால் முதலில் குழந்தைகளின் பல்லில் கறை தெரியும். நாள்பட்டால் எலும்பு. உங்கள் மாவட்டத்துக்கும் கிருஷ்ணகிரிக்கும் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். அந்தக் காவிரி நீர் தெருக்குழாயில் வருகிறது என்றால் குடிக்கவும் சமைக்கவும் அதையே பிடித்துவையுங்கள். போர் நீர் துணி துவைக்கவும் குளிக்கவும் இருக்கட்டும். போரை விட்டால் வழியில்லை என்றால் ஆர்.ஓ. இங்கே உண்மையிலேயே உதவும்.

சுத்தமான தண்ணீரின் பிஎச் (அமில, கார அளவு) 7 தானே? காரத்தன்மை நீர் குடித்தால் உடம்பில் அமிலம் குறையுமாமே?

25 டிகிரி செல்சியஸில் 7. கொதிநிலையில் சுமார் 6.1, ஆனாலும் அது அமிலம் ஆகிவிடாது, நடுநிலைதான். காய்ச்சி வடித்த (டிஸ்டில்டு) நீரைத் திறந்துவைத்தால் காற்றின் கார்பன் டைஆக்சைடு கரைந்து 5.6 வரை இறங்கும். மாசில்லாத மழையும் அப்படித்தான். அதனால் 7க்குக் கீழே என்றதும் பதற வேண்டியதில்லை.

காரத்தன்மை நீர் வயிற்றுக்குள் போனதும் அங்கிருக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் அதைச் சமன்செய்துவிடும். இரத்தத்தின் பிஎச்சை 7.35க்கும் 7.45க்கும் நடுவே நிறுத்திவைப்பது நுரையீரலும் சிறுநீரகமும். அந்த நீரைத் தயாரிக்கும் இயந்திரத்துக்கு ஒரு லட்சம் கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கொடுக்காதீர்கள்.

பூமியின் தண்ணீர் சூரியனைவிடப் பழையது என்கிறார்களே, அணுதான் ஜோடி மாறிக்கொண்டே இருக்கிறதே, எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

நல்ல கேள்வி. ஜோடி மாறினாலும் மொத்தக் கையிருப்பு மாறாது. ஹைட்ரஜனில் டியூட்டீரியம் என்ற கனமான வகை கொஞ்சம் உண்டு. நம் கடலில் சுமார் 6,400 ஹைட்ரஜனுக்கு ஒன்று. விண்வெளியின் கடுங்குளிரில் உருவாகும் பனிக்கட்டியில் இந்த விகிதம் கூடும். கோள்கள் பிறக்குமுன் சூரியனைச் சுற்றியிருந்த வாயு, தூசித் தட்டில் மட்டும் உருவாகியிருந்தால் நம் தண்ணீரில் இவ்வளவு டியூட்டீரியம் வராது என்று 2014இல் வெளியான ஒரு கணக்கு காட்டியது. ஆக, ஒரு பங்கு சூரியனுக்கு முன்பே இருந்த பனி. அதே ஆண்டு ரொசெட்டா விண்கலம் 67பி வால்மீனில் அளந்தபோது விகிதம் கடலைப்போல மூன்று மடங்கு இருந்தது. அதனால் எல்லாத் தண்ணீரும் வால்மீன்கள் கொண்டுவந்தது என்ற பழைய பேச்சு பலவீனமாகி, சிறுகோள்கள் பக்கம் கை காட்டுகிறார்கள்.

ஹைட்ரஜனும் எரியும், ஆக்சிஜனும் எரியும். தண்ணீர் மட்டும் தீயை அணைப்பது ஏன்?

ஆக்சிஜன் எரியாது, எரிய உதவும். தண்ணீர் என்பது ஏற்கெனவே எரிந்து முடிந்த ஹைட்ரஜன். தண்ணீரில் ஓடும் கார் என்று யாராவது முதலீடு கேட்டு வந்தாலும் பதில் இதுதான்.