‘பெருசு’ மட்டும் சொல்லும் பிள்ளைக்கு

வணக்கம். உங்கள் 4 வயது மகள் எதைக் காட்டினாலும் ‘நல்லா இருக்கு’, ‘பெருசு’ என்ற இரண்டோடு நிறுத்திக்கொள்கிறாள், பட அட்டை காட்டியும் பயனில்லை என்று எழுதியிருந்தீர்கள். கவலைப்படாதீர்கள்.

அட்டையை எடுத்து வைத்துவிடுங்கள். தெரியாத பொருளைக் காட்டி ஒரு புதுச் சொல்லைச் சொன்னால், சின்னப் பிள்ளைகள் பெரும்பாலும் அதைப் பொருளின் பெயராகவே எடுத்துக்கொள்வார்கள். அதனால் அவளுக்கு நன்றாகத் தெரிந்த பொருளில், ஒரே வகையில் இரண்டைக் கொடுங்கள். இரண்டு தக்காளி: ஒன்று கெட்டியானது, இன்னொன்று கொழகொழவென்று பழுத்தது. அமுக்கிப் பார்க்கட்டும். “ரசத்துக்குக் கொழகொழ தக்காளி வேணும், எடுத்துத் தாடா கண்ணு” என்று கேளுங்கள். அந்தச் சொல் புரிந்தால்தான் சரியானதை எடுக்க முடியும், முக்கியமே அதுதான். அப்புறம் அவள் கேட்கட்டும், நீங்கள் எடுங்கள். வெறுமனே “தக்காளி தா” என்றால் “எந்தத் தக்காளி?” என்று திருப்பிக் கேளுங்கள்.

தொட்டும் சுவைத்தும் அறிகிற சொற்கள் முதலில் வரட்டும்: சொரசொர பாகற்காய், வழவழ கத்தரிக்காய், புளிச்ச மோர். நிறங்களுக்கு அவசரம் வேண்டாம், அவை பிடிபடக் கொஞ்சம் நாளாகும்.

‘பெருசு வீடு’ என்று சொன்னால் திருத்தாதீர்கள். “ஆமா, பெரிய வீடு! யார் இருக்காங்க அதில?” என்று பேச்சைத் தொடருங்கள்.