பால் ஜாயிண்ட்டை வீட்டிலேயே மாற்றலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் ஸ்விஃப்ட் கார் இருக்கிறது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது இடப்பக்க முன்சக்கரத்தில் ‘டொக் டொக்’ என்று சத்தம் கேட்கிறது. பால் ஜாயிண்ட் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். ஸ்பானர் செட்டும் ஜாக்கியும் வீட்டில் உள்ளன. நானே மாற்றிக்கொள்ளலாமா? இன்னும் என்னென்ன கருவிகள் வாங்க வேண்டும்?
– வாசகர், ஈரோடு

பதில்: மாற்றிக்கொள்ளலாம். சக்கரத்தைத் தாங்கும் நக்கிளையும், அதைக் காரின் உடலோடு இணைக்கும் லோயர் ஆர்மையும் சேர்க்கும் குமிழ்–கிண்ண மூட்டுதான் பால் ஜாயிண்ட். ஆனால் ஸ்பானரைக் கையில் எடுப்பதற்கு முன், சத்தம் பால் ஜாயிண்ட்டிலிருந்துதான் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். வேகத்தடைச் சத்தம் என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது ஸ்டெபிலைசர் லிங்க்கைத்தான் (வளைவில் கார் சாயாமல் பிடிக்கும் கம்பியின் இணைப்பு). அதன் விலையும் குறைவு, அதை மாற்றும் வேலையும் எளிது.

முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, சேஸிஸின் கீழ் ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தைத் தொங்க விடுங்கள். கடிகாரத்தில் 12, 6 இருக்கும் இடங்களில் டயரைப் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் வீட்டில் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டிப் பாருங்கள். மிதித்தவுடன் ஆட்டம் நின்றுவிட்டால் கோளாறு வீல் பேரிங்கில் இருக்கிறது. மிதித்த பிறகும் ஆடினால் பால் ஜாயிண்ட்டைச் சந்தேகிக்கலாம். 9, 3 இருக்கும் இடங்களில் மட்டும் ஆட்டம் தெரிந்தால் டை ராட் எண்டை (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனை) பாருங்கள். இவற்றோடு, லோயர் ஆர்முக்கும் நக்கிளுக்கும் நடுவே ஒரு நீண்ட கம்பியை நுழைத்து மெல்ல நெம்பும்போது குமிழ் தன் கிண்ணத்துக்குள் மேலும் கீழும் நகர்வதைக் கண்ணால் பார்த்துவிட்டால் அதன்பின் சந்தேகத்துக்கு இடமில்லை.

கருவிகளைப் பொறுத்தவரை, பால் ஜாயிண்ட் என்றதும் கடைக்காரர் எடுத்துக் காட்டும் இரட்டைப்பல் நெம்புகோலை நீங்கள் வாங்க வேண்டாம். ஸ்விஃப்ட்டில் பால் ஜாயிண்ட்டின் தண்டு கூம்பு வடிவத்தில் இறுகி நிற்பதில்லை. நக்கிளில் உள்ள பிளவுபட்ட துளைக்குள் நுழைந்து, குறுக்கே போகும் ஒரே போல்ட்டின் இறுக்கத்தால்தான் பிடிபட்டிருக்கிறது. ஜாயிண்ட்டும் லோயர் ஆர்முடன் சேர்ந்தே வருகிறது என்பதால், ஆர்மை முழுதாக மாற்றினால் புஷ்களும் (ஆர்ம் காரோடு சேரும் இடத்திலுள்ள ரப்பர் உருளைகள்) புதிதாகிவிடும். ஆகவே, தரமான ஜாக் ஸ்டாண்டுகள் இரண்டு, நீளக் கைப்பிடி கொண்ட சாக்கெட் ரெஞ்ச், டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு இறுக்க உதவுவது), ஒரு மீட்டருக்குக் குறையாத நெம்புகம்பி, துரு இளக்கும் எண்ணெய், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி ஆகியவை போதும். ஸ்டெப்னி மாற்றுவதற்காகக் காருடன் வரும் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் கையை நீட்டாதீர்கள்.

குறுக்குப் போல்ட்டைத் தளர்த்தினால் மட்டும் தண்டு வெளியே வராது. தண்டின் கழுத்தில் ஒரு பள்ளம் வெட்டப்பட்டிருக்கும். போல்ட் அந்தப் பள்ளத்தின் வழியாகச் செல்வதால், அதை முழுதாக உருவி எடுத்தாக வேண்டும். இதை அறியாமல் சுத்தியலால் அடித்து நக்கிளின் காதை உடைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். போல்ட்டை எடுத்தபின் பிளவில் ஒரு தட்டை ஸ்குரூடிரைவரை நுழைத்துச் சற்றே விரித்துவிட்டு, நெம்புகம்பியால் ஆர்மைக் கீழே அழுத்துங்கள். தண்டு விடுபட்டதும் நக்கிள் வெளிப்பக்கமாகச் சாயப் பார்க்கும். அதைக் கம்பியால் ஸ்பிரிங்கோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் டிரைவ் ஷாஃப்டின் உள்மூட்டு கழன்றுகொண்டு, அரைநாள் வேலை இரண்டு நாள் வேலையாகிவிடும். பொருத்தும்போது குறுக்குப் போல்ட்டையும் நட்டையும் புதிதாகவே போடுங்கள். இறுக்கும் அளவைச் சர்வீஸ் கையேட்டில் பார்த்து டார்க் ரெஞ்சில் வையுங்கள். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: சென்ற ஆண்டு என் காரின் லோயர் ஆர்மை நானே மாற்றினேன். பால் ஜாயிண்ட் நன்றாகத்தான் இருக்கிறது; ஆனால் ஆறு மாதத்துக்குள் புஷ் கிழிந்துவிட்டது. போலிப் பொருளை வாங்கி ஏமாந்துவிட்டேனா?
– வாசகர், திருச்சி

பதில்: அப்படியும் இருக்கலாம். ஆனால் அதற்கு முன் ஒன்றை நினைவுபடுத்திப் பாருங்கள்: புஷ் போல்ட்டுகளை இறுக்கியபோது சக்கரம் தொங்கிக்கொண்டிருந்ததா, தரையில் நின்றதா? புஷ்ஷின் ரப்பர் உள்குழாயோடும் வெளிவளையத்தோடும் ஒட்டப்பட்டது. அதனால் உள்குழாய் சுழலாது, ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு இடம் கொடுக்கும். ஆர்ம் தாழ்ந்து தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கிவிட்டால் அதுவே ரப்பருக்கு இயல்பு நிலையாகிவிடுகிறது. வண்டியைத் தரையில் இறக்கிய கணத்திலிருந்து அது முறுக்கிய நிலையிலேயே நிற்கிறது. நிறுத்தி வைத்திருக்கும் காரில்கூட அதற்கு ஓய்வு கிடையாது. இப்படிப் பொருத்தினால் அசல் பொருளும் விரைவில் கிழிந்துவிடும். அடுத்த முறை போல்ட்டுகளைக் கையிறுக்கமாக மட்டும் வைத்துவிட்டு, ஆர்மின் நுனிக்கடியில் ஜாக்கியைக் கொடுத்து, வண்டியின் எடை ஸ்டாண்டிலிருந்து விலகத் தொடங்கும் வரை உயர்த்தி, அந்த நிலையில் இறுக்குங்கள்.

கேள்வி: வாடகைக்கு ஓடும் இன்னோவா. நண்பரின் காரில் செய்தது போலவே தூக்கிச் சக்கரத்தை ஆட்டிப் பார்த்தேன், ஆட்டமே இல்லை. ஆனால் ஓடும்போது முன்பக்கம் அலைகிறது.
– வாசகர், மதுரை

பதில்: நண்பரின் கார் வேறு, உங்கள் வண்டி வேறு. சிறு கார்களில் ஸ்பிரிங் ஸ்ட்ரட்டின்மேல் (ஷாக் அப்சார்பர் தூண்) அமர்ந்திருப்பதால், வண்டியின் எடை கீழ் பால் ஜாயிண்ட்டின் வழியாக இறங்குவதில்லை. இன்னோவாவிலோ மேலே ஓர் ஆர்ம், கீழே ஓர் ஆர்ம். ஸ்பிரிங் உட்கார்ந்திருப்பது கீழ் ஆர்மின்மேல். சேஸிஸைத் தூக்கிச் சக்கரத்தைத் தொங்க விட்டால் ஸ்பிரிங் கீழ் ஆர்மை அழுத்தியபடியே இருக்கும். அந்த அழுத்தம் தேய்ந்த ஜாயிண்ட்டின் இடைவெளியை மூடி மறைத்துவிடும். ஜாக்கியைக் கீழ் ஆர்முக்கடியில், பால் ஜாயிண்ட்டுக்கு எவ்வளவு அருகில் வைக்க முடியுமோ அவ்வளவு அருகில் வைத்துத் தூக்குங்கள். அப்போது ஸ்பிரிங்கின் பாரம் ஜாக்கிக்குப் போய்விட, ஜாயிண்ட்டில் உள்ள ஆட்டம் கையில் தெரியும்.

மாற்றும்போதும் இதே ஜாக்கி இதே இடத்தில் நின்றாக வேண்டும். அது இல்லாமல் கீழ் ஜாயிண்ட்டைப் பிரித்தால், அமுங்கியிருந்த ஸ்பிரிங் ஆர்மைக் கீழே எறியும். குறுக்கே கை இருந்தால் எலும்பு தப்பாது. இரட்டை ஆர்ம் வண்டியில் முதன்முதலாகக் கை வைப்பவர் அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும் என்பதே என் கருத்து.

கேள்வி: கனடாவில் வசிக்கிறேன். என் ஜீப் ராங்கலரின் பால் ஜாயிண்ட்டுகளை மாற்றுவதற்காக, உதிரிபாகக் கடையிலிருந்து ‘சி’ வடிவ பிரஸ்ஸை முன்பணம் கட்டி இரவல் வாங்கினேன். பழையது அசையவே இல்லை. சுத்தியலால் அடிக்கலாமா?
– வாசகர், டொரான்டோ

பதில்: குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பில் ஓடிய வண்டி என்றால் அசையாமல் நிற்பதில் வியப்பில்லை. அடிக்கலாம், ஆனால் ஜாயிண்ட்டை அல்ல, அதைச் சுற்றியுள்ள இரும்பை. ராங்கலரில் ஜாயிண்ட் அச்சு முனையின் ‘சி’ வடிவ வளைவுக்குள் அமுக்கிப் பொருத்தப்பட்டிருக்கிறது. துரு இளக்கும் எண்ணெயை முந்தைய நாளே ஊற்றிவையுங்கள். பிரஸ்ஸின் திருகுமரைக்குக் கிரீஸ் பூசி, முடிந்தவரை இறுக்கி, அந்த இறுக்கத்தை விடாமல் வளைவின் பக்கவாட்டில் கனமான சுத்தியலால் இரண்டு மூன்று அடி கொடுங்கள். துப்பாக்கி வெடித்தாற்போல் ‘டப்’ என்று ஓர் ஓசையுடன் அது விடும், பயந்துவிடாதீர்கள். கண்ணாடி அணிந்து, முகத்தைப் பிரஸ்ஸின் நேர்கோட்டிலிருந்து விலக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அதன்பிறகும் அசையாவிட்டால், தவறு பெரும்பாலும் கிண்ணத் தேர்வில் இருக்கும். பிரஸ்ஸுடன் வரும் கிண்ணங்களில், ஜாயிண்ட்டை வாங்கிக்கொள்ளும் கிண்ணத்தின் உள்விட்டம் ஜாயிண்ட்டின் உடலைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் இரும்பை இரும்போடு வைத்து நெரித்துக்கொண்டிருப்பீர்கள். புதியதை உள்ளே அமுக்கும்போது கிண்ணம் ஜாயிண்ட்டின் விளிம்பில்தான் பொருந்தி நிற்க வேண்டும், ‘பூட்’ எனப்படும் ரப்பர் உறையிலோ நடுமூடியிலோ படவே கூடாது. புதியதை முந்தைய இரவு ஃப்ரீசரில் வைப்பது நல்ல வழக்கம். 50 மி.மீ. விட்டமுள்ள எஃகு, அறை வெப்பநிலையிலிருந்து ஃப்ரீசரின் குளிருக்குப் போகும்போது ஏறத்தாழ 0.025 மி.மீ. சுருங்குகிறது. கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். இறுக்கப் பொருத்தத்தில் அதுவே கைக்குத் தெரியும் அளவு. முதல் சில மில்லிமீட்டரில் ஜாயிண்ட் சாய்ந்து நுழைவதைக் கண்டால், மேலும் திருகாமல் வெளியே எடுத்துத் துளையைக் கம்பித்தூரிகையால் சுத்தம் செய்து மீண்டும் தொடங்குங்கள். மாறாக, கையால் தள்ளினாலே உள்ளே போகிறது என்றால் துளை தேய்ந்துவிட்டது; அதை வெல்டிங் பொட்டு வைத்து நிறுத்துகிறார்கள் சிலர். அந்தச் சூட்டில் ரப்பர் உறையும் உள்ளிருக்கும் கிரீஸும் கெட்டுவிடும். அங்கே பழுதுபார்க்க வேண்டியது அச்சு முனையைத்தான்.

நக்கிளைத் திரும்ப மாட்டும்போது கூம்புத் தண்டிலும் அதன் துளையிலும் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது. நட்டைத் திருகும்போது தண்டும் சேர்ந்தே சுழன்றால், கூம்பு கவ்வும் வகையில் நக்கிளை ஜாக்கியால் தண்டோடு சேர்த்து அழுத்திக்கொண்டு இறுக்குங்கள். கோட்டை வடிவ நட்டின் பள்ளம் துளைக்கு நேரே வரவில்லையென்றால் இன்னும் சற்று இறுக்கித்தான் நேராக்க வேண்டும், தளர்த்தக் கூடாது. ஸ்ப்ளிட் பின் புதிது போடுங்கள்.

கேள்வி: பால் ஜாயிண்ட் பூட்டுக்குள் ஊசியால் கிரீஸ் ஏற்றினால் சத்தம் நின்றுவிடும் என்கிறார்களே?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: சில வாரங்களுக்கு நிற்கும். தேய்ந்துபோன குமிழ் கிரீஸால் வளராது. ஊசி போட்ட துளை வழியாக மழைநீரும் மண்ணும் உள்ளே போகும். சத்தம் நின்றதும் தேய்மானத்தையும் மறந்துவிடுவோம் என்பதுதான் இதில் பெரிய ஆபத்து, ஏனென்றால் தண்டு கிண்ணத்தை விட்டுக் கழன்றால் சக்கரம் ஓடும்போதே மடிந்துவிடும். கிரீஸ் நிப்பிள் வைத்து வரும் ஜாயிண்ட்டுகளுக்கு மட்டும் கிரீஸ் கன்னால் ஏற்றுங்கள். பூட் லேசாக உப்பத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள்.