இருபத்தைந்து பேர் எதற்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிவகாசி காமிக்ஸ் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் லீஜன் ஆஃப் சூப்பர் ஹீரோஸ் என்ற அமெரிக்க காமிக்ஸ் தொடரின் ரசிகன். மதுரையில் ஒரு பழைய புத்தகக் கடையில்தான் முதலில் கண்ணில் பட்டது. இப்போது டேப்லெட்டில் மொத்தமாகப் படிக்கிறேன். ஆயிரம் வருஷம் தள்ளி நடக்கும் சூப்பர் ஹீரோ கதை என்றால் இதை அடிக்க ஆளில்லை என்பது என் கட்சி. ஆனால் இரண்டு குறை. அவ்வப்போது எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். அப்புறம், ஆட்கள் ரொம்ப ஜாஸ்தி. இருபத்தைந்து பேர் எதற்கு? பிரெய்னியாக் 5, வைல்ட்ஃபயர், டான்ஸ்டார், அல்ட்ரா பாய், டிம்பர் உல்ஃப் என்று ஐந்து பேரை மட்டும் வைத்துக்கொண்டு 1989 தொடர் மாதிரி சீரியஸாக எழுதினால் பிய்த்துக்கொண்டு போகும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பெயர் வேண்டாமே,
திருமங்கலம்

அன்புள்ள திருமங்கலத்துக்காரருக்கு,

முதல் குறையில் நான் உங்கள் பக்கம். இரண்டாவதில் இல்லை.

1958-இல் வந்த முதல் கதையை எடுத்துப் பாருங்கள். எதிர்காலத்திலிருந்து மூன்று பிள்ளைகள் வந்து சூப்பர்பாயை, அதாவது சிறுவயது சூப்பர்மேனை, லீஜன் என்ற தங்கள் சங்கத்தில் சேரக் கூப்பிடுகிறார்கள். பரீட்சை வைக்கிறார்கள். திட்டம் போட்டுத் தோற்கடிக்கிறார்கள். அவன் முகம் வாடியதும் 'சும்மா விளையாட்டுக்கு' என்று சேர்த்துக்கொள்கிறார்கள். முப்பதாம் நூற்றாண்டு என்பதெல்லாம் பெயருக்குத்தான். அவர்களுடைய தலைமையகமே தலைகீழாகத் தரையில் குத்தி நிற்கும் ராக்கெட் மாதிரி இருக்கும். எதிர்காலத்தைத் தேடி இதற்குள் போனால் பெரிதாக ஒன்றும் தேறாது. நான் படிப்பது அந்தச் சங்கத்துக்காக.

சங்கம் என்றால் நிஜமாகவே சங்கம். சேர மனுப் போட வேண்டும். வேறு யாரிடமும் இல்லாத ஒரு சக்தியாவது இருக்க வேண்டும். சூப்பர்பாய், சூப்பர்கேர்ள், மோன்-எல் மூவருக்கும் ஏறக்குறைய ஒரே சக்திதான். வேண்டப்பட்டவர்களுக்கு விதி வளைவது அந்தக் காலத்திலும் உண்டு போல. தலைவர் தேர்தலுக்கு வாசகர்களே தபாலில் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். மனு தள்ளுபடியானவர்கள் சேர்ந்து 1963-இல் தனியாக ஒரு சங்கம் தொடங்கினார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தவர்கள் இவர்கள்தான். நைட் கேர்ளுக்கு இருட்டில்தான் பலம், வெயில் பட்டால் போச்சு. ஸ்டோன் பாய் கல்லாக மாறுவான், ஆனால் மாறிய பிறகு அசைய முடியாது! வேலைக்கு ஆகாத சக்தியை வைத்துக்கொண்டு ஒருவன் என்ன செய்வான் என்று கேட்க இந்தத் தொடருக்கு இடமிருந்தது. ஐந்து பேர் கதையில் அதற்கு இடமிருக்காது.

உங்கள் ஊருக்கு மேற்கே எந்தக் கருப்பசாமி கோயிலுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். இருபத்தொரு தெய்வம் என்பார்கள். பெரிய கருப்பு, சின்னக் கருப்பு, சங்கிலிக் கருப்பு, சோணை, ராக்காயி, பேச்சி என்று வரிசையாக இருக்கும். எல்லாக் கதையும் எல்லோருக்கும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு சாமிக்கும் கதை தெரிந்த ஒரு கிழவி ஊரில் இருப்பாள். கூட்டம் அதிகம், ஐந்தாகக் குறைத்துக்கொள்வோம் என்று அங்கே போய்ச் சொல்லிப் பாருங்களேன்.

லீஜனுக்கும் அப்படி நினைவு வைத்திருக்கும் ரசிகர்கள் இருந்தார்கள். ஜிம் ஷூட்டர் பதின்மூன்று வயதில் கதை எழுதி அனுப்பினார். பிட்ஸ்பர்க்கில் அப்பா உருக்கு ஆலைத் தொழிலாளி, வீட்டில் பணமுடை. 1966-இல் அவர் கதை அச்சில் வந்தபோது வயது பதினான்கு. மறு வருஷமே ஃபெரோ லாட் என்ற இரும்பு முகமூடிக்காரனைச் சாகடித்தார். சூரியனையே விழுங்க வந்த ஒன்றுக்குள் வெடிகுண்டைத் தூக்கிக்கொண்டு போனவன் திரும்பி வரவில்லை. கும்பலில் ஒருவன்தானே என்று விட்டுவிடாமல் வாசகர்கள் அவனை இன்றைக்கும் பேசுகிறார்கள்.

நீங்கள் கொண்டாடும் 1989 தொடருக்கு வருகிறேன். கதை ஐந்து வருஷம் தாவுகிறது. சங்கம் கலைந்துவிட்டது, ஆளுக்கு ஒரு மூலையில் கிடக்கிறார்கள். கீத் கிஃபனோடு அதை எழுதிய பியர்பாம் தம்பதி ரசிகர்களாக இருந்து எழுத வந்தவர்கள். அந்தச் சோகம் யாருக்கு உறைக்கும்? இவர்களை வருஷக்கணக்கில் தெரிந்தவனுக்குத்தான். ஐந்து புது ஆட்களை வைத்து அதே கதையை எழுதினால், கல்யாண வீட்டில் தெரியாதவர் பேசும் குடும்பச் சண்டையைக் காதில் வாங்கிய கணக்குத்தான்.

அதனால்தான் அழித்து எழுதுவது இந்தத் தொடருக்கு இவ்வளவு கேடு. பேட்மேனை எத்தனை முறை வேண்டுமானாலும் புதிதாகத் தொடங்கலாம். ஒரு சந்து, இரண்டு பிணம், ஒரு பையன் போதும். இங்கே யார் யாரைக் கட்டினார்கள், யார் யாருக்காகச் செத்தார்கள் என்பதுதான் கதையே. 1994-இல் அதைத் துடைத்தார்கள். 2004-இல் ஒரு தடவை. 2019-இல் மறுபடி. 1994-க்குப் பிறகு வந்ததில் நல்ல கதைகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கியது.

நண்பர்களுக்குப் படிக்கக் கொடுப்பதாக இருந்தால் முதலில் ஷூட்டரின் கதைகள், பிறகு எழுத்தாளர் பால் லெவிட்ஸும் கிஃபனும் சேர்ந்து 1982-இல் செய்த, டார்க்ஸைட் என்ற வில்லன் வரும் கதை. 1989 தொடரைக் கடைசியில் கொடுங்கள்.

ஒரு கேள்வி. உங்கள் ஐவரில் சாட்டர்ன் கேர்ள் ஏன் இல்லை? 1963-லேயே தலைவியானவள். சங்கத்தில் ஒருவர் சாகப் போவது முன்கூட்டியே தெரிந்ததும், சாகிற ஆள் தானாகவே இருக்கட்டும் என்று எல்லோர் மனத்துக்குள்ளும் புகுந்து தனக்கே ஓட்டுப் போட வைத்துவிட்டாள். பிறகு தலைவி என்ற அதிகாரத்தில் மற்றவர்களைக் களத்தில் இறங்க விடவில்லை. கள்ள ஓட்டுக்கு இதைவிட நல்ல காரணம் நான் கேள்விப்பட்டதில்லை. வைல்ட்ஃபயரை எடுத்துவிட்டாவது அவளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.