மலிவான ஹீட் பம்ப் எது என்று கேட்ட தம்பிக்கு

தம்பி,

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். குளிர் நாட்டில் வாடகை வீட்டில் சில வருடம் ஓட்டிவிட்டு இப்போதுதான் பழைய வீடு ஒன்றைச் சொந்தமாக வாங்கியிருக்கிறீர்கள். வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லர் எப்போது நிற்குமோ என்று இருக்கிறது. அதற்குப் பதிலாக, வெளியே இருக்கும் சூட்டை மின்சாரத்தால் உள்ளே இழுக்கும் ஹீட் பம்ப் போடலாமென்று மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்கினால், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஏணி வைத்தாலும் எட்டவில்லை. "வீட்டுக் கடனே கழுத்தை நெரிக்குது அண்ணா, இருக்கிறதிலேயே மலிவான நல்ல பிராண்ட் ஒண்ணு சொல்லுங்க" என்கிறீர்கள்.

பிராண்ட் சொல்ல மாட்டேன். மழுப்பவில்லை, ஒரே கம்பெனியின் ஒரே மாடல் ஒரு வீட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நான்கு யூனிட் வெப்பம் தருகிறது, அடுத்த வீட்டில் இரண்டரைதான் தருகிறது. அந்த வித்தியாசம் கருவியில் இல்லை. வீட்டுக்கு எவ்வளவு வெப்பம் வேண்டுமென்று கணக்குப் பார்த்தார்களா, ரேடியேட்டருக்கு, அதாவது அறையைச் சூடாக்கும் வெந்நீர்ப் பலகைக்கு, எவ்வளவு சூடான தண்ணீர் அனுப்புகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. என்னைக் கேட்டால், உங்கள் வீட்டுக்குப் போதுமானவற்றில் மிகச் சின்னது எதுவோ அதுதான் மலிவான ஹீட் பம்ப்.

கருவி என்ன செய்கிறதென்று ஒரு வரியில்: ஏசி உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ளுகிறது, இது வெளியே இருப்பதை உள்ளே இழுக்கிறது. மைனஸ் பத்தில் என்ன சூடு இருக்கிறதென்று எல்லோரும்தான் கேட்பார்கள். உள்ளே ஓடும் திரவம் அதைவிடக் குளிரிலேயே கொதித்துவிடும். அப்படிப் பயன்படும் ஒன்றான புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியில் கொதிக்கும். அதற்கு மைனஸ் பத்துக் காற்றே அடுப்புதான். குளிர் நாட்டுக்கு இது ஒத்துவராது என்று வேலை இடத்தில் யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். நார்வே, சுவீடன், பின்லாந்து மூன்றும்தான் இதில் முன்னால் நிற்கும் நாடுகள். சூரிச் நகர மன்றக் கட்டடத்தை 1938லேயே பக்கத்து லிமத் ஆற்றுத் தண்ணீரிலிருந்து வெப்பம் எடுத்துச் சூடாக்கியிருக்கிறார்கள்.

ஆனால் கருவி நல்லது என்பதால் உங்களுக்கு லாபம் என்றாகிவிடாது. உங்கள் பில்லில் ஒரு யூனிட் மின்சாரம் என்ன விலை, ஒரு யூனிட் கேஸ் என்ன விலை என்று பாருங்கள் (இரண்டிலும் யூனிட் என்று நான் சொல்வது கிலோவாட்-மணி). மின்சாரத்தை கேஸ் விலையால் வகுத்து, 0.9ஆல் பெருக்குங்கள். நல்ல நிலையில் உள்ள பாய்லரே பத்தில் ஒரு பங்கைப் புகைபோக்கியில் விடுகிறது, அதற்காகத்தான் அந்த 0.9. மின்சாரம் மூன்று மடங்கு விலையென்றால் விடை 2.7, நான்கு மடங்கென்றால் 3.6. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஹீட் பம்ப் தரும் வெப்பம் வருடச் சராசரியில் அந்த எண்ணைத் தாண்டினால்தான் பில் குறையும். 2.7ஐத் தாண்டுவது பெரிய காரியமில்லை. 3.6க்கு எல்லாமே ஒழுங்காக அமைய வேண்டும். இப்போது நேரடி மின் ஹீட்டர் வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்கே வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு மாறலாம்.

அளவுக்கு வருவோம். கொட்டேஷன்களில் ஒன்று 12 கிலோவாட், ஒன்று 9, ஒன்று 6 என்று எழுதியிருந்தீர்கள். ஒரே வீட்டுக்கு! யாராவது அறை அறையாக அளந்தார்களா, வாசலில் நின்று பார்த்துவிட்டு எழுதினார்களா? பெரும்பாலும் பழைய பாய்லரின் அளவைப் பார்த்து, "குளிர்ந்துவிட்டது" என்று பிறகு போன் வராமலிருக்க ஒரு படி ஏற்றிப் போட்டுவிடுவார்கள். விலையும் ஏறும், பில்லும் ஏறும்.

இதை நீங்களே வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்கலாம். ஒரு வருட கேஸ் பில்லை எடுங்கள். கோடை மாதங்களில் ஓடுவது குளியலுக்கும் சமையலுக்கும். அதை வருடம் முழுவதற்கும் கழித்துவிடுங்கள். மீதி 15,000 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். பாய்லர் பழசு, 85 சதவீதம்தான் வீட்டுக்குள் வந்திருக்கும்: 12,750. அடுத்து உங்கள் ஊரின் டிகிரி-நாள் எண் வேண்டும். ஒவ்வொரு நாளும் வெளிச் சராசரி 18 டிகிரிக்கு எவ்வளவு கீழே போனதோ அதையெல்லாம் வருடம் முழுக்கக் கூட்டினால் கிடைப்பது. வானிலைத் தகவல்களோடு இலவசமாகவே கிடைக்கும். 3,000 என்று வையுங்கள். அதை 24ஆல் பெருக்கினால் 72,000. 12,750ஐ 72,000ஆல் வகுத்தால் 0.177 கிலோவாட். அதாவது வெளியே ஒரு டிகிரி குறையும்போதெல்லாம் உங்கள் வீடு கூடுதலாக 177 வாட் கேட்கிறது. உங்கள் பகுதியின் கடுங்குளிர் மைனஸ் பத்து என்றால் 18லிருந்து 28 டிகிரி தூரம்; 28ஐ 177ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 5 கிலோவாட்.

ஐந்து. பன்னிரண்டு இல்லை.

பெரிதாக இருந்தால் என்ன, குறைத்து ஓட்டலாமே என்று தோன்றும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் கம்ப்ரசர் குறைத்துத்தான் ஓடும், ஆனால் அதற்கும் ஒரு கீழ் எல்லை உண்டு. குளிர்காலத்தில் பல நாட்கள் வெளியே 7 டிகிரி அளவில் இருக்கும். அப்போது இந்த வீட்டுக்கு வேண்டியது 2 கிலோவாட்டுக்கும் குறைவு. பெரிய கருவியால் அவ்வளவு கீழே இறங்க முடியாது. ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். மின்சாரம் வீண், கம்ப்ரசரின் ஆயுளும் போகும். ஆகவே மூன்று பேரிடமும் இரண்டு எண் கேளுங்கள்: மைனஸ் பத்தில் எவ்வளவு தரும், 7 டிகிரியில் எவ்வளவு குறைந்து ஓடும். விளம்பரத்தில் போடும் எண் பெரும்பாலும் ஏ7/டபிள்யூ35, அதாவது வெளிக்காற்று 7 டிகிரி, தண்ணீர் 35 டிகிரி. தரைக்கடியில் குழாய் ஓடும் புது வீட்டுக்கு அது சரி. ரேடியேட்டர் உள்ள பழைய வீட்டுக்கு டபிள்யூ45, டபிள்யூ55 வரிசையைப் பாருங்கள்; அதே கருவியின் எண்கள் அங்கே கணிசமாக இறங்கியிருக்கும்.

தண்ணீர் எவ்வளவு சூடாகப் போகிறது என்பதுதான் உங்கள் பில்லைத் தீர்மானிக்கப் போகிறது. ஒரு டிகிரி குறைத்தால் ஏறக்குறைய 2 முதல் 3 சதவீத மின்சாரம் மிச்சம். பாய்லருக்கு 70 டிகிரி பெரிய விஷயமில்லை. ஹீட் பம்ப் அங்கே மூச்சு வாங்கும். இன்னொரு பக்கம், ரேடியேட்டரின் விவரத்தில் போட்டிருக்கும் வாட் 70 டிகிரித் தண்ணீரை வைத்துச் சொன்னது. 45 டிகிரித் தண்ணீரில் அதில் மூன்றில் ஒரு பங்குதான் வரும். அப்படியானால் எல்லா ரேடியேட்டரையும் மாற்ற வேண்டுமா? பழைய வீடுகளில் தேவைக்கு மேல் பெரிதாகப் போட்டிருப்பார்கள்; பெரும்பாலும் இரண்டு மூன்றை மாற்றினால் போதும்.

எவற்றை என்று கண்டுபிடிக்கக் காசு தேவையில்லை. வெளியே நன்றாகக் குளிரும் ஒரு வாரத்தில் பாய்லரில் ஹீட்டிங் தண்ணீரின் வெப்பத்தை 50க்கு இறக்குங்கள். இரவு பகல் நிறுத்தாமல் ஓடட்டும். ஒவ்வொரு அறையிலும் ஒரு சின்ன தெர்மாமீட்டர் வைத்து விடியற்காலையில் பாருங்கள். 20 டிகிரி நிற்கும் அறையில் கை வைக்க வேண்டாம். 17இல் நிற்கும் அறைக்குத்தான் பெரிய ரேடியேட்டர். வெந்நீர்த் தொட்டி தனியாக இருந்தால் அதன் அமைப்பை மட்டும் தொடாதீர்கள்; தொட்டி 60 டிகிரியை எட்ட வேண்டும், இல்லாவிட்டால் லெஜியோனெல்லா கிருமி வளர இடமாகும்.

அதே வாரத்தில் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு ஜன்னல் ஓரம், கதவின் கீழ், குழாய் சுவருக்குள் போகும் ஓட்டை, மின்பெட்டிக்குப் பின்னால் என்று மெதுவாக நகர்த்திப் பாருங்கள். புகை நேராக எழாமல் உள்பக்கமாக வளைந்தால் அங்கே காற்று நுழைகிறது. சிலிகான் ஒரு குழலும் ரப்பர் பட்டையும் வாங்கி நீங்களே அடைக்கலாம். கூரைக்கு அடியில் இன்சுலேஷன் மெல்லியதாக இருந்தால், ஹீட் பம்ப்புக்கு முன்னால் அதில்தான் காசு போட வேண்டும். தேவை 5லிருந்து 4க்கு வந்தால் கருவியும் ஒரு படி சின்னதாகும்.

இதெல்லாம் பார்த்த பிறகும் கைக்கு எட்டவில்லை என்றால்? அப்போது பாய்லரைப் பிடுங்கவே வேண்டாம். ஏசி மாதிரியே வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என்று காற்றுக்குக் காற்று வகை இருக்கிறது. ரேடியேட்டர் வேலை கிடையாது, தண்ணீர்க் குழாய் வேலை கிடையாது, பெரும்பாலும் ஒரே நாளில் பொருத்திவிடுவார்கள். வீட்டில் எல்லோரும் புழங்கும் கூடத்தில் ஒன்று போட்டால் வெப்பத்தில் பெரும்பங்கை அதுவே பார்த்துக்கொள்ளும். மூடிய படுக்கையறைகளுக்கும் கடுங்குளிர் நாட்களுக்கும் பழைய பாய்லர் உதவிக்கு இருக்கும். வெந்நீர் தராது என்பதும், வடிகட்டியை அடிக்கடி கழற்றிக் கழுவ வேண்டும் என்பதும்தான் குறை. சில நாடுகளில் இந்த வகைக்கு மானியம் கிடைக்காது, அதை விசாரித்துவிடுங்கள். கையில் காசு குறைவாக இருக்கும் புதியவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். நிலத்தைத் துளைத்துப் போடும் வகை அருமையானது, ஆனால் துளை போடும் செலவே உங்கள் பட்ஜெட்டை விழுங்கிவிடும், அதை மறந்துவிடுங்கள்.

இனிமேல் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், புதிதாக வந்தவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. "நம்ம ஆள் ஒருத்தர் இருக்கிறார், ஏசி வேலை தெரியும், பாதிக் காசுக்குப் போட்டுத் தருவார்" என்று யாராவது வருவார்கள். அவருக்கு வேலை தெரிந்திருக்கலாம், நல்லவராகவும் இருக்கலாம். ஆனால் பெரும்பாலான குளிர் நாடுகளில், கருவிக்குள் ஓடும் அந்தத் திரவத்தை, அதாவது குளிரூட்டி வாயுவை, கையாளச் சான்றிதழ் வேண்டும். அது இல்லாதவர் போட்டால் மானியமும் போகும், வாரண்டியும் போகும். நாளைக்கு வீட்டை விற்கும்போது காகிதமும் இருக்காது. மோனோபிளாக் என்றொரு வகையில் வாயு முழுக்க வெளிப்பெட்டிக்குள்ளேயே தொழிற்சாலையில் அடைத்து வரும், வீட்டுக்குள் தண்ணீர்க் குழாய் மட்டும்தான் நுழையும். வேலை எளிது, கூலியும் குறையலாம். ஆனால் குளிரில் கரண்ட் போனால் அந்தத் தண்ணீர் உறைந்து குழாயைப் பிளக்கும். அதற்கு உறையாமல் காக்கும் கிளைகால் திரவம் கலப்பார்களா, உறைநிலையில் தானாகத் திறக்கும் வால்வு வைப்பார்களா என்பது கொட்டேஷனில் எழுதியிருக்க வேண்டும்.

மானியத்துக்கு விண்ணப்பிப்பது எப்போது என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள். பல திட்டங்களில் அனுமதி வந்த பிறகுதான் வேலை தொடங்கலாம். முன்பணம் கட்டினாலே தொடங்கியதாகக் கணக்காகும் இடங்களும் உண்டு.

ஸ்டாக் தீர்க்கும் விலைக்கு விற்கும் கருவிகளில் என்ன வாயு என்று தகட்டைப் பாருங்கள். ஆர்-410ஏ என்றிருந்தால் மலிவுக்குக் காரணம் அதுதான். கார்பன் டை ஆக்சைடைவிட ஏறக்குறைய 2,088 மடங்கு பூமியைச் சூடாக்குவது என்பதால் அதை ஒதுக்கி வருகிறார்கள். அமெரிக்காவில் வீட்டுக்கான புதிய கருவிகளை அதைக் கொண்டு தயாரிக்க 2025 தொடக்கத்திலிருந்து தடை. ஆர்-32க்கு அந்த எண் 675, புரொப்பேனான ஆர்-290க்கு 3 அளவில்தான். பத்து வருடம் கழித்து ரிப்பேருக்கு வாயு என்ன விலை விற்குமென்று யோசித்தால் தள்ளுபடி அவ்வளவு இனிக்காது. புரொப்பேன் தீப்பற்றும், ஆகவே ஜன்னலுக்கும் சாக்கடை வாய்க்கும் அருகில் வைக்கக் கூடாது. இடத்தை முதலிலேயே பார்த்து வையுங்கள். பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்கு நேராகவும் வேண்டாம்.

போட்ட பிறகு முதல் குளிர்காலத்தில் ஒன்று நடக்கும், பயந்துவிடாதீர்கள். ஈரமான குளிர் நாளில் வெளிப்பெட்டியின் பின்புறம் வெள்ளையாகப் பனி படியும். திடீரென்று விசிறி நிற்கும், 'உஸ்' என்று ஒரு சத்தம், பிறகு பெட்டியிலிருந்து குபுகுபுவென்று ஆவி எழும். தீ இல்லை. சுழற்சியைத் திருப்பித் தன்மேல் படிந்த பனியை அது உருக்கிக்கொள்கிறது. சில நிமிடத்தில் பழையபடி ஓடும். உருகிய தண்ணீர் கீழே சொட்டும், நடைபாதையில் சொட்டினால் இரவில் கண்ணாடியாக உறைந்து யாராவது வழுக்கி விழுவார்கள். பெட்டியைத் தரையிலிருந்து உயர்த்தி, தண்ணீர் சரளையில் இறங்கும்படி வைக்கச் சொல்லுங்கள்.

வேலைக்குப் போகும்போது அணைத்துவிட்டு வந்ததும் போடும் பழக்கத்தையும் விட வேண்டும். குளிர்ந்துபோன வீட்டை அவசரமாகச் சூடாக்கச் சொன்னால், பல கருவிகள் உள்ளே இருக்கும் மின் ஹீட்டரை எழுப்பிவிடும். அதில் ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட்தான் வெப்பம். மெதுவாக, விடாமல் ஓடட்டும். வெளி வெப்பத்துக்கு ஏற்பத் தண்ணீரின் சூட்டைத் தானே கூட்டிக் குறைக்கும் அமைப்பு ரேடியேட்டருக்குத் தண்ணீர் அனுப்பும் பெரும்பாலான கருவிகளில் இருக்கும், பொருத்துகிறவர் அதை அமைக்காமல் போய்விடுவதுதான் வழக்கம். கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் அதைக் கூடவே நின்று போட வையுங்கள்.

6 கிலோவாட் எழுதியவரிடம் அறைவாரிக் கணக்குத் தாளைக் கேளுங்கள். கொடுத்தால், அது உங்கள் பில் கணக்கோடு ஒத்துப்போனால், அவரிடமே விலை பேசுங்கள். கேட்டதற்கு முகம் சுளித்தால் வேறு ஆளைப் பாருங்கள். குளிர் முடிந்து வெயில் வந்ததும் பேசினால் அவர்களுக்கும் நேரம் இருக்கும், உங்களுக்கும் பேரம் பேச இடம் இருக்கும். பாய்லர் அதுவரை தாங்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு இப்போதே ஒரு சர்வீஸ் போட்டுவிடுங்கள்.